புரதமும் கரைசலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மோனியம் சல்பேட் போட்டதும் என் என்சைம் முழுவதும் வெள்ளையாக இறங்கிவிட்டது. இயல்பிழந்துவிட்டதா?

பதில்: இல்லை. வீழ்படிவது (கரைசலிலிருந்து திண்மமாக இறங்குவது) வேறு, இயல்பிழப்பது (மடிந்த வடிவம் குலைவது) வேறு. எத்தனை முறை எழுதுவது? சல்பேட் புரதத்தின் மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் உப்பு. பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) கரைத்து, டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே உப்பை வெளியேற்றி), செயல்திறனை அளந்து பாருங்கள்.

கேள்வி: உப்பு புரதத்தைக் காக்குமா, குலைக்குமா?

பதில்: எந்த உப்பு, எவ்வளவு என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 1888இல் ஹாஃப்மைஸ்டர் என்ற விஞ்ஞானி முட்டை வெள்ளைக்கருவில் காட்டியதே இதைத்தான்: உப்புக்கு உப்பு வேறுபடும். சல்பேட் காக்கும், தயோசயனேட் குலைக்கும்.

கேள்வி: புரதத்தைக் குலைக்க 8 மோலார் யூரியா தயாரிக்கிறேன், கரையவே மாட்டேன் என்கிறது. ஹாட் பிளேட்டில் கொதிக்கவிடலாமா? மீந்ததை அடுத்த மாதம் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டும் கூடாது. யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். பீக்கர் சில்லிட்டுப் போய், கரைவது நின்றதுபோல் தெரியும். உடனே எல்லாரும் சூட்டை ஏற்றிவிடுகிறார்கள். நீரில் இருக்கும் யூரியாவில் கொஞ்சம் எப்போதும் சயனேட்டாக மாறும். சூடு ஏறினாலும் நாள் கடந்தாலும் அது கூடும். சயனேட் போய் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்திலும் புரதச் சங்கிலி முனையின் அமினோ தொகுதியிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேர் மின்சுமை போகும், நிறை 43 டால்டன் ஏறும். அப்புறம் யூரியாவை நீக்கினாலும் அந்தக் கறை போகாது. ஆன்ஃபின்சென் என்ற விஞ்ஞானி யூரியாவில் குலைத்த ரிபோநியூக்ளியேஸ் என்ற என்சைம் தானாக மடிந்து திரும்பியது என்றால், அதன் சங்கிலி பழுதுபடாமல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி மறுமடிப்பு வரவில்லை என்று மூன்று மாதம் தவித்தார். காரணம், அலமாரியில் கிடந்த பழைய யூரியா பாட்டில்.

8 மோலாருக்கு, லிட்டருக்கு 480 கிராம் யூரியா. அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரில் தொடங்குங்கள். யூரியாவே நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். 30 டிகிரி நீர்த்தொட்டி போதும், 37ஐத் தாண்ட வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே கரையுங்கள்.

கேள்வி: அப்படியானால் குவானிடின் ஹைட்ரோகுளோரைடுக்கு மாறிவிடலாமா?

பதில்: சரி, மாறலாம். அதுவும் யூரியாவைப் போலப் புரதத்தைக் குலைப்பதுதான். வலிமை ஏறக்குறைய இரண்டு மடங்கு, சயனேட் தொல்லையும் இல்லை. ஆனால் அது ஓர் உப்பு. மின்சுமையை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றக் குழாய்க்கு (column) ஆகாது. எஸ்டிஎஸ் (ஜெல்லுக்குப் புரதத்தோடு சேர்க்கும் சோப்பு வகை) பட்டால் கட்டியாகிவிடும், ஜெல்லில் ஏற்றும் முன் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: பெப்சின் மட்டும் அமிலத்தில் எப்படித் தாங்குகிறது?

பதில்: அது வயிற்றுக்கென்றே அமைந்த புரதம். பிஎச் 8க்குக் கொண்டுபோங்கள், குலைந்துவிடும்.

கேள்வி: பிஎச் 8இல் தயாரித்த ட்ரிஸ் பஃபர் குளிர் அறையில் 8.6 காட்டுகிறது. மீட்டர் கோளாறா?

பதில்: மீட்டர் சரிதான். ட்ரிஸ் குளிரக் குளிர பிஎச் ஏறும். பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே பிஎச் சரிசெய்யுங்கள். அதில் யூரியா சேர்ப்பதாக இருந்தால், அன்றைக்கே தயாரியுங்கள்.