மகள் கையில் ஒரு கணக்கு நோட்டு

கேள்வி: என் மகள் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த செமஸ்டரில் மகளிரியலை விருப்பப் பாடமாக எடுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் தினமும் வாக்குவாதம்தான். அண்ணன் சாப்பிட்ட தட்டை நான் ஏன் கழுவ வேண்டும் என்கிறாள். ஒரு நாள் நோட்டோடு உட்கார்ந்து, நான் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்கிற வேலைகளை நேரம் போட்டு எழுதினாள். அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. போன வாரம், பிறந்த வீட்டுச் சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுத்துத் தம்பிகளுக்கு நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது தெரிந்து, "ஏம்மா கையெழுத்துப் போட்டாய்? உனக்கு அறிவில்லையா?" என்று கேட்டுவிட்டாள். அவள் அப்பா பாடத்தை மாற்றச் சொல்கிறார். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இந்தப் படிப்பு இடைஞ்சலாகுமோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணவரின் கோபத்தையும் கல்யாணப் பயத்தையும்விட, "உனக்கு அறிவில்லையா" என்ற சொல்தான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. பெற்ற மகள் அப்படிக் கேட்டால் வலிக்கத்தான் செய்யும். அவள் கேட்ட விதம் தவறு. ஆனால் பாடத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான் ஒரு மகளிர் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்தாண்டுகள் மகளிரியலும் எடுத்தேன். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று சேர்ந்து, வந்தபடியே திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் வாய் திறக்காமல் இருந்து, வரதட்சணைத் தடைச் சட்டம் நடத்திய அன்று முதன்முறையாக எழுந்து கேள்வி கேட்ட கடைசி பெஞ்சுப் பெண்ணும் உண்டு. மனம் ஒன்றிப் படித்தவர்களில் பெரும்பாலோர் முதல் சில மாதங்கள் வீட்டில் சண்டை போட்டார்கள். இத்தனை நாள் கண்ணெதிரே நடந்த ஒன்றுக்கு இப்போதுதான் பெயர் கிடைத்திருக்கிறது; அந்த வேகத்தில் கிட்டே நிற்பவர் மேல் பாய்கிறார்கள். கிட்டே நிற்பவர் எப்போதும் அம்மாதான். அப்பாவிடம் கேட்கப் பயம்.

அந்த நோட்டுக் கணக்கு நாங்களும் கொடுத்த பயிற்சிதான். பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த குழு 1974-இல் "சமத்துவத்தை நோக்கி" என்ற அறிக்கையைத் தந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பெண்களின் நிலை சில வகைகளில் பின்னால் போயிருக்கிறது என்பதை எண்களோடு அது எடுத்து வைத்தது. நம் நாட்டில் மகளிரியல் வேர்பிடித்ததற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். 2019-இல் மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கு எடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அப்போது அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். உங்கள் மகள் எழுதியது அந்தக் கணக்கின் ஒரு வரி. உங்களுக்கு அழுகை ஏன் வந்தது என்று நான் ஊகிக்கலாமா? இருபது ஆண்டுகளாக நீங்கள் செய்கிற வேலையை ஒருவர் உட்கார்ந்து முழுதாகக் கேட்டது அதுவே முதல்முறையாக இருக்கும்.

இந்தப் படிப்பு பெண்களைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு புதிதல்ல. அமெரிக்காவில் 1970-இல் சான் டியேகோவில் இது தனித் துறையாகத் தொடங்கியது. அங்கும் இதே பேச்சு எழுந்தது. ஜெய்ன் ஸ்டேக் என்ற உளவியல் பேராசிரியர் இந்த வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அவர்களிடம் சமத்துவ எண்ணமும் தன்னம்பிக்கையும் கூடுவதைக் கண்டார். நமக்கு அதைவிடக் கிட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. ஹரியானாவில் 7-ஆம் வகுப்பிலிருந்து சுமார் இரண்டரை ஆண்டுகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண் பெண் சமத்துவம் பற்றி வகுப்பெடுத்து, வகுப்பு நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஆய்வு 2022-இல் வெளியானது. இரு பாலரின் எண்ணமும் மாறியிருந்தது. நடத்தை மாறியது பையன்களிடம்தான் அதிகம். வீட்டு வேலைக்கு அவர்கள் கூடுதலாகக் கைகொடுத்தார்கள். எண்ணியபடி நடக்கப் பெண் பிள்ளைகளை வீடும் ஊரும் அவ்வளவு எளிதில் விடுவதில்லை என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். இதனால்தான் உங்கள் மகளுக்கு முன்னால் உங்கள் மகனைப் பற்றி எனக்குக் கவலை. தன் தட்டைக் கழுவ அவனுக்கு எந்தப் பாடமும் தேவையில்லை. இன்று இரவே நீங்கள் சொல்லலாம். தங்கை சொன்னால் சண்டையாகிறது, நீங்கள் சொன்னால் செய்வான்.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என் மாணவிகளுக்கும் திருமணங்கள் நடந்தன. நிச்சயத்துக்கு முன்பே சில கேள்விகள் கேட்டார்கள்: மேலே படிக்கலாமா, சம்பளம் யார் கையில், அம்மாவுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் நான் போய் இருக்கலாமா. ஓரிரு சம்பந்தங்கள் அதனால் கைநழுவின, மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதே கேள்விகளோடு என்னிடம் அழுதுகொண்டு வந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். முன்னால் கேட்பதே மேல்.

இனி விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-இல்தான் வந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். இந்த ஆண்டுகளெல்லாம் உங்கள் மகளின் பாடத்தில் இருக்கும். சட்டம் வந்த பிறகும் ஒரு பெண் ஏன் கையெழுத்துப் போடுகிறாள் என்பதை அவளுக்கு நீங்கள்தான் சொல்ல முடியும். போடாவிட்டால் தம்பிகள் வாசலில் காலெடுத்து வைக்க முடியாதோ என்ற அச்சமா? ஆடிக்கும் பொங்கலுக்கும் போய் நிற்க ஒரு பிறந்த வீடு வேண்டும் என்ற ஆசையா? நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம் என்று பெரியவர்கள் சொன்னார்களா? உங்கள் காரணம் எனக்குத் தெரியாது. அறிவில்லாமல் போடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கணவரிடம், இந்த செமஸ்டர் முடியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலையை மகனிடம் விட்டுவிட்டு மகளோடு உட்காருங்கள். "நீ பேசியது எனக்கு வலித்தது" என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் யார் இருந்தார்கள், பத்திரத்தை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா, பஸ்ஸில் திரும்பி வரும்போது என்ன நினைத்தீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால், எழுதிக்கொள்ளட்டும்.