பழைய பங்களாச் சாமான்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: ஹட்டன் பக்கம் 7 பேர்ச் காணியில் வீடு கட்டப் போகிறேன். தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றை உடைக்கிறார்கள். 4,000 செங்கல், நிலையோடு 4 பலாக் கதவு, கூரைத் தகரம், மரம் எல்லாம் சேர்த்து 3 இலட்சமாம். தனியாக என்றால் கல் 15 ரூபாய், கதவு 18,000. நகையை 18% வட்டிக்கு அடகு வைத்து மொத்தமாக எடுக்கலாமா?

பதில்: மொத்தமாக வேண்டாம். கதவை எடுங்கள், கல்லை விடுங்கள்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால் கல் முழுசாகக் கழன்று வரும். சீமெந்துச் சாந்து கல்லின் முகத்தையே பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பாகவே இருந்தாலும் ஏற்றி இறக்கக் காற்பங்கு உடையும் என்று வையுங்கள். மிஞ்சுவது 3,000. புதுக்கல் வீட்டடியில் 30 ரூபாய் என்றால் 90,000 பெறும். ஓராள் நாளுக்கு 400 கல் தட்டிச் சுத்தம் செய்தால் 10 ஆள் கூலி, 3,000 வீதம் 30,000. லொறி 25,000. ஆக 35,000க்கு மேல் கொடுத்தால் நட்டம். அவர்கள் கேட்பதோ 60,000!

கதவுக் கணக்கு வேறு. புதுப் பலாக் கதவு நிலையோடு 45,000 என்றால், பழையதற்கு இழைப்பு, பிணைச்சல், பூட்டு என 6,000 சேர்த்தாலும் 24,000தான். நான்கில் 84,000 மிச்சம். சின்ன லொறிக்கு 10,000 போனாலும் 74,000.

ஆனால் நிலைக்காலின் அடியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் முதலில் உக்குவது அந்த அரை அடிதான். ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்ட வேண்டும், கதவு உயரமும் குறையும். நிலைக்குக் குறுக்காக, மூலைக்கு எதிர்மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வராவிட்டால் நிலை கோணல். துளையடியில் புது மாத்தூள் கிடந்தால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது. ஆணியை முழுதாகப் பிடுங்காமல் தச்சுப் பாஸிடம் கொடுத்தால் இழைப்புளி போய்விடும். சுவர் எழும்ப முன்னரே நிலையின் வெளியளவை மேசன் பாஸிடம் கொடுங்கள். பிறகு சுவரைக் கொத்த வேண்டி வந்தால் மிச்சமெல்லாம் அதிலேயே கரையும்.

ஓட்டைத் தகரம் விறகுக் கொட்டிலுக்குப் போதும். அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தால் சும்மா தந்தாலும் தொடாதீர்கள். உடையும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வளைந்த பழைய கம்பியை நிமிர்த்தித் தூணுக்கும் பீமுக்கும் போடுவதும் வேண்டாம்.

3 இலட்சத்துக்கு மாத வட்டி 4,500; கதவுக்கான 72,000க்கு 1,080. அவ்வளவுக்கு மட்டும் நகையை வையுங்கள். உடைக்கும் உரிமை தந்த தோட்ட நிர்வாகத்தின் கடிதப் பிரதியும், எண்ணிக்கை எழுதிய பற்றுச்சீட்டும் கையில் வந்த பிறகே காசை எண்ணுங்கள்.