தோல் ஆலையை மூடிப் பத்து ஆண்டுகள் ஆகியும் எங்கள் கிணற்று நீர் ஏன் இன்னும் கரிக்கிறது? ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமா?

போர் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பம் அந்த அவசரத்தில்தான் மிச்சம் இருந்த நல்ல தண்ணீரையும் கெடுத்துக்கொண்டது.

எங்கள் நிலம் பாலாற்றங்கரையில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கிணறு, 45 அடி. தூர்வார இறங்கும்போதெல்லாம் அதன் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். மேலே ஆற்று மணலும் வண்டலும். நடுவில் ஒரு முழக் கனத்துக்குக் களிமண் பட்டை. அதற்குக் கீழே கையால் நிமிண்டினால் உதிர்கிற சிதைந்த பாறை. அடியில் கெட்டிப் பாறை, அதில் விரல் நுழையாத வெடிப்புகள். ஊற்றுக்கண் என்று நாங்கள் சொல்வது அந்த வெடிப்புகளைத்தான். ஆலைக் கழிவு வரத் தொடங்கிய பிறகு, நீர்மட்டம் இறங்கிய இடங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்து நின்றது. தென்னை ஓலைகள் நுனியிலிருந்து கருகின.

நிலத்தடி நீர் ஆறு போல ஓடுவதாக நம்மில் பலர் நினைக்கிறோம். மணலுக்குள் அது பெரும்பாலும் நாளுக்குச் சில அங்குலம், மிஞ்சினால் சில அடி நகரும். 1856இல் பிரான்சின் திஜோன் நகரில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர் மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி இதற்கான கணக்கைக் கண்டுபிடித்தார். மட்டச் சரிவு எவ்வளவு, மண் எவ்வளவு வழிவிடும் என்ற இரண்டும் தெரிந்தால், ஒரு குறிப்பிட்ட பரப்பு வழியாக எவ்வளவு நீர் போகும் என்று சொல்லிவிடலாம். களிமண் மணலைவிட ஆயிரம் மடங்கு, சில இடங்களில் லட்சம் மடங்குக்கும் மேல் குறைவாகவே வழிவிடும். பாறை வெடிப்பிலோ நீர் ஒரே நாளில் பல மீட்டர் தாண்டிவிடும். ஆகவே ஒரே கழிவு ஒரே நிலத்தில் மூன்று வேகத்தில் பயணம் செய்கிறது. பக்கத்து வயல் கிணறு நன்றாக இருக்க, அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் கிணறு முதலில் கெடுவதற்கு இதுவே காரணம். ஊற்றுக்கண் அவர் பக்கம் போகிறது.

கழிவில் இருப்பவையும் ஒரே குணம் கொண்டவை அல்ல. தோலைப் பதப்படுத்திக் காக்கப் போடும் உப்பு எதிலும் ஒட்டாது. நீர் போகும் வேகத்திலேயே போகும். குரோமியம் இரண்டு வடிவங்களில் வரும். தோல் பதனிடும் குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்டது. அது மண்ணில் படிந்து அங்கேயே தங்கிவிடும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கரைந்து நீரோடு நழுவும், நச்சும் அதிகம். ராணிப்பேட்டையில் 1995 வாக்கில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் சுமார் 1.5 லட்சம் டன் கழிவு குவிந்து கிடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஒவ்வொரு மழையும் அதில் கொஞ்சத்தைக் கரைத்துக் கீழே இறக்கும்.

இந்தத் துயரம் நம் இரண்டு ஊரோடு நிற்கவில்லை. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பாருங்கள். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகவும் இருக்கிறது.

இனி, மூடிய பிறகும் ஏன் கரிக்கிறது என்பதற்கு வருகிறேன். மீன் குழம்பு வைத்த மண்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தாலும் மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் குழம்பு வாசம் வரும். சட்டியின் உடலுக்குள் ஊறிய குழம்பு திரும்பி வெளியே வருகிறது. நம் களிமண் பட்டையும் சிதைந்த பாறையும் அந்தச் சட்டிதான். இருபது, முப்பது ஆண்டுகள் கழிவு மணலில் ஓடியபோது, உப்பு சிறிது சிறிதாகக் களிமண்ணுக்குள் ஊறிப் போனது. இன்று மணலில் நல்ல மழைநீர் ஓடுகிறது. ஊறியது திரும்பி ஊறி வெளியே வருகிறது. உள்ளே போக எடுத்த காலத்தைவிட வெளியே வர எடுக்கும் காலம் நீளம். அதனால்தான் மோட்டாரைப் போட்டு இறைத்துத் தள்ளினால் முதல் சில மாதம் உப்பு மளமளவென்று குறையும், பிறகு ஓர் அளவில் நின்றுவிடும், இறைப்பதை நிறுத்தினால் மறுபடி ஏறும். உலகம் முழுவதும் இறைத்துச் சுத்திகரிக்கும் திட்டங்கள் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போவது இந்த இடத்தில்தான்.

எங்கள் தவறைச் சொல்கிறேன். கிணறு கெட்டதும் அப்பா 400 அடிக்கு போர் போட்டார். தண்ணீர் இனித்தது. வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். இரண்டாம் ஆண்டு கரிக்கத் தொடங்கியது. ஓர் இரவு மின்சாரம் இல்லாதபோது போர் வாயில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே, வெகு ஆழத்தில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துளையின் பக்கம் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறை தொடங்கும் இடத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அதன் அடிவிளிம்பைச் சிமெண்ட் போட்டு அடைக்கவில்லை. மேலடுக்கு உப்புநீர் அந்த இடைவெளி வழியாகக் கீழே இருந்த நல்ல ஊற்றுக்குள் இரவும் பகலும் விழுந்துகொண்டிருந்தது. களிமண்ணும் பாறையும் எத்தனையோ ஆண்டு தடுத்து வைத்திருந்ததை, ஆறரை அங்குலத் துளை ஒன்று திறந்துவிட்டது. கைவிட்ட ஒவ்வொரு போரும் இப்படி ஒரு வழிதான்.

நீக்க வழியே இல்லையா என்றால், பொருளைப் பொறுத்து இருக்கிறது. குரோமியத்துக்கு நல்ல வழிகள் உண்டு. அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில், பழைய குரோமிய முலாம் பட்டறையிலிருந்து கசிந்ததைத் தடுக்க 1996இல் நிலத்துக்குள் இரும்புத் துகளாலேயே ஒரு சுவர் எழுப்பினார்கள்: 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் கனம். நீர் தன் போக்கில் அதை ஊடுருவிப் போகும். போகும்போது ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக மாறி அங்கேயே படிந்துவிடும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் துளை வழியாகச் செலுத்தி, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு இதே மாற்றத்தைச் செய்வதும் உண்டு. ஆனால் எந்த அடுக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அடுக்கு அடுக்காக அளந்த பிறகே இவற்றைச் செய்ய முடியும். செலுத்துவதும் மணலுக்குத்தான் எளிதாகப் போகும், களிமண்ணுக்குள் போகாது.

உப்புக்கு அந்த வழி கிடையாது. அதை எதுவும் மாற்றாது, எந்த நுண்ணுயிரும் தின்னாது. மேலே கிடக்கும் கழிவை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், பிறகு நல்ல மழைநீர் பல பருவங்கள் அலச வேண்டும். மழைநீர்ச் சேகரிப்புக் குழி தோண்டும்போது கழிவு படிந்த மண்ணில் தோண்டாதீர்கள். இருப்பதையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும்.

எங்கள் போரை மூடிவிட்டோம். குழாயை அடிவரை இறக்கி, சிமெண்ட் பாலைக் கீழிருந்து மேலாக நிரப்பினோம். மேலிருந்து கல்லும் மண்ணும் கொட்டினால் அடைபடாது. உங்கள் நிலத்தில் பழைய போர் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால், கேசிங்கைச் சிதைந்த பாறையைத் தாண்டிக் கெட்டிப் பாறைக்குள் சில அடி இறக்கி, வெளிப்பக்க இடைவெளி முழுவதையும் சிமெண்டால் அடைக்கச் சொல்லுங்கள். வண்டிக்காரர் அதிகப் பணம் கேட்பார், கொடுங்கள்.

குடிப்பதற்கு முன் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது டிடிஎஸ் (நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அது உப்பைத்தான் சொல்லும். குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் இருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் ஆவியாகப் போகும், குரோமியம் பாத்திரத்தில் அப்படியே இருக்கும்.