பழைய கணினியில் புதிய 4கே மானிட்டர்

கேள்வி: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் கொண்ட என் மேசைக் கணினியுடன், புதிதாக வாங்கிய 4கே மானிட்டரை ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் இணைத்துள்ளேன். எழுத்துகள் துல்லியமாகத் தெரிகின்றன. ஆனால் மவுஸ் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கோளாறு மானிட்டரிலா, கணினியிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, தடை இடையிலுள்ள இணைப்பில்தான். 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. உங்கள் கணினியிலுள்ள ஹெச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தைச் சேர்ந்தது. அதனால் இத்தனை புள்ளிகளை நொடிக்கு அதிகபட்சம் 30 முறைதான் புதுப்பிக்க முடியும். 60 முறை புதுப்பிக்கும் 2.0 தரம் 2013இல்தான் வெளிவந்தது. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் சென்று, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியைத் திறந்தால், இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை முறை புதுப்பித்து) ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

விலை உயர்ந்த ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். போர்ட்டின் வரம்பைக் கேபிள் மாற்றாது. எதையும் வாங்கும் முன் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். நீள்சதுர வடிவில், ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டப்பட்ட போர்ட் இருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட். உங்கள் பிராசஸர் அதன் வழியே 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் தரவல்லது என்பதால், ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளோடு செலவு முடிந்துவிடும். அதிலும் 30ஐத் தாண்டவில்லையெனில், மானிட்டரின் சொந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்று இருப்பதை 1.2 ஆக மாற்றிப் பாருங்கள்.

அந்த போர்ட் இல்லாவிட்டால், ஹெச்.டி.எம்.ஐ. 2.0 உள்ள சிறிய கிராபிக்ஸ் கார்டே வழி. கூடுதல் மின்கேபிள் கேட்காத, பெட்டிக்குள் அடங்கும் உயரமுள்ள கார்டாகத் தேர்ந்தெடுங்கள். பொருத்திய பின் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். பலரும் பழக்கதோஷத்தில் மதர்போர்டிலேயே செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று வருந்துகிறார்கள். அதுவரை தெளிவுத்திறனை 2560 × 1440 ஆகக் குறைத்து 60 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்கலாம்; எழுத்துகள் சற்று மங்கினாலும் அம்புக்குறி சீராக நகரும்.

கேள்வி: கணினியில் மானிட்டரை இணைக்கும் பழைய வகையான டி.வி.ஐ. போர்ட் மட்டுமே உள்ளது. அடாப்டர் போட்டால் 4கே கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அதில் அதிகத் திறனுள்ள வகையான இரட்டை இணைப்பு (டூயல் லிங்க்) டி.வி.ஐ.யே 60 ஹெர்ட்ஸில் 2560 × 1600 வரைதான் செல்லும்; ஹெச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சாதாரண அடாப்டரில் பொதுவாக 1920 × 1200 தான் எல்லை.