பேண்டை எடுப்பது இருக்கட்டும், முதலில் தண்ணீரை இறக்குங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. குடியாத்தத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். 2013-ல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கேஸ்ட்ரிக் பேண்ட் வைத்துக்கொண்டேன். 112 கிலோவிலிருந்து 81-க்கு வந்தேன். பிறகு மெல்ல ஏறத் தொடங்கியதால், போன தீபாவளிக்கு முன் ஓரிடத்தில் தண்ணீர் ஏற்றி இறுக்கிக்கொண்டேன். அதிலிருந்து இட்லிகூட நெஞ்சிலேயே நிற்கிறது, வாந்தியாகிறது. ராத்திரி படுத்தால் இருமல். காலையில் தலையணை ஈரமாக இருக்கிறது. இத்தனைக்கும் எடை இப்போது 97. பேண்ட் வைத்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். வேலூரில் லாட்ஜில் தங்கியபோது பழக்கமான ஒருவர், பேண்டை எடுத்துவிட்டு அதே நாளில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துவிடலாம், இன்சூரன்ஸைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எடுத்துவிடலாமா? எடுத்தால் எடை ஏறுமா? என் உயரம் 158 செ.மீ. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பதில்: அம்மா, எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை. நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, தலையணை ஈரமாகிறது என்று. என்னைப் பொறுத்தவரை கடிதமே அந்த ஒரு வரிதான். இந்த வாரத்துக்குள் பேண்டிலிருந்து தண்ணீரை இறக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஏன் இந்த அவசரம்? பேண்ட் என்பது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போட்டிருக்கும் சிலிக்கான் வளையம். அதன் உட்புறம் ஒரு பலூன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் போர்ட் என்ற சின்ன டப்பாவில் முடிகிறது. போர்ட்டில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். அளவுக்கு மீறி இறுகிவிட்டால் சாப்பிட்டது வளையத்துக்கு மேலேயே தேங்கும். நாளாக ஆக அந்த மேல்பையும், அதற்கு மேலே உணவுக்குழாயும் வீங்கும். படுத்தவுடன் தேங்கியது திரும்பி வரும். கொஞ்சம் தலையணைக்குப் போகிறது, கொஞ்சம் நுரையீரலுக்குள் போகிறது. உங்கள் இருமல் அதுதான். இந்த இருமலுக்கு நம் ஊரில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுப்பார்கள், டிபி-யாக இருக்குமோ என்று சளியைச் சோதிப்பார்கள், வாயு என்று கேப்சூல் எழுதுவார்கள். வயிற்றுக்குள் பேண்ட் இருப்பதை நீங்கள் சொன்னால்கூடக் காதில் வாங்கிக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், முதல் வாக்கியம் "எனக்கு கேஸ்ட்ரிக் பேண்ட் வைத்திருக்கிறது" என்பதாக இருக்கட்டும்.

இறுக்கினால் எடை குறையும் என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். நடந்தது என்ன? சோறு இறங்கவில்லை, இட்லி இறங்கவில்லை, சப்பாத்தி கேட்கவே வேண்டாம். வழுக்கிக்கொண்டு இறங்குவது எது? டீ, பாதாம்பால், ஐஸ்கிரீம், பாயசம், பாகில் ஊறிய ஆற்காடு மக்கன்பேடா. எவ்வளவு இறுக்கினாலும் இவற்றைப் பேண்ட் தடுக்காது. வாந்தியும் எடுத்துக்கொண்டு 97 கிலோவுக்கும் போனது இப்படித்தான். பேண்டின் வேலை கொஞ்சம் சாப்பிட்டதும் பசி அடங்கச் செய்வது. சாப்பாடே இறங்காமல் செய்வது அதன் வேலை இல்லை. பேண்ட் சரியான அளவில் இருந்தால் வாந்தி வரக்கூடாது.

தண்ணீர் இறக்குவது பெரிய காரியம் அல்ல. மயக்க மருந்து வேண்டாம், படுக்கையில் சேர வேண்டியதில்லை. போர்ட்டைத் தடவிக் கண்டுபிடித்து, இடத்தைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு உறிஞ்சினால் சில நிமிடங்களில் முடிந்தது. போர்ட் கைக்குத் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே திரையில் பார்த்துக் குத்துவார்கள். எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சில் நிற்காமல் இறங்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் எந்த ஊசி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போர்ட்டின் மேல்மூடி சிலிக்கானால் ஆனது. அதற்கென்று ஹ்யூபர் ஊசி இருக்கிறது. அது சிலிக்கானை விலக்கிக்கொண்டு போகும், வெளியே எடுத்ததும் துளை தானாக மூடிக்கொள்ளும். சாதாரண ஊசி சிலிக்கானில் ஒரு துணுக்கைச் செதுக்கி எடுத்துவிடும், அப்புறம் போர்ட் கசியும். "தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், வீட்டுக்கே வந்து ஏற்றிவிடுவாள், இறக்கிவிடுவாள்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சாதாரண ஊசியைப் போர்ட்டின் பக்கத்தில் விடாதீர்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போகிற இடம் அது. ஒரு நாள் திடீரென்று மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, தண்ணீர் ஒரு வாய்கூட இறங்கவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், பேண்ட் நழுவி இரைப்பையின் ஒரு பகுதி அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது ஹ்யூபர் ஊசி இருக்கும் இடத்தைத் தேடிச் சென்னைக்கு வண்டி எடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அறுவை சிகிச்சை டாக்டர் இருக்கும் எந்த அவசரப் பிரிவுக்கும், அது அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையாக இருந்தாலும், நேராகப் போங்கள். அங்கே ஹ்யூபர் ஊசி இல்லாவிட்டால் சாதாரண மெல்லிய ஊசியாலேயே தண்ணீரை உறிஞ்சிவிடலாம், உறிஞ்சத்தான் வேண்டும். போர்ட் கெட்டால் வேறு போர்ட் தைக்கலாம், இரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன இரைப்பையை மீட்க முடியாது. டியூட்டி டாக்டர் "இது எங்கள் கேஸ் இல்லை, வைத்த இடத்துக்கே போங்கள்" என்று சொல்லக்கூடும். இந்தப் பத்தியைக் கையில் காட்டுங்கள். தண்ணீரை இறக்கிய பிறகும் வலி குறையவில்லை என்றால் அன்றைக்கே ஸ்கேன், தேவைப்பட்டால் அன்று இரவே ஆபரேஷன். மறுபடியும் சொல்கிறேன், இந்த விலக்கு இறக்குவதற்கு மட்டும், அதுவும் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும். இறுக்குவதற்குக் கிடையாது. உங்கள் இப்போதைய நிலைக்கும் கிடையாது. உங்களுக்கு முறையான ஊசியோடு முறையான இடத்துக்குப் போக நாலு நாள் அவகாசம் இருக்கிறது.

இன்னொன்று. மாதக்கணக்கில் வாந்தி எடுக்கும் ஒருவர் சோர்ந்து போய்ப் பக்கத்து கிளினிக்குக்குப் போனால் நம் ஊரில் கேட்காமலே கிடைப்பது ஒரு பாட்டில் குளுக்கோஸ். உங்களுக்கு அது ஆபத்து. தொடர்ந்த வாந்தியில் உடம்பிலுள்ள பி-1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், ஞாபகம் குழம்பும், சிலருக்கு அது திரும்பவே திரும்பாது. "முதலில் தயமின் ஊசி, அப்புறம்தான் பாட்டில்" என்று நீங்களே கேளுங்கள். தயமின் ஊசி அரிய மருந்தும் இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை.

சரி, லாட்ஜில் பார்த்தவருக்கு வருவோம். வேலூரில் காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் லாட்ஜில் தங்கும் எவரையும் இந்தப் புரோக்கர்கள் விடுவதில்லை. வங்காளத்திலிருந்து வருகிறவரிடம் வங்க மொழியில் பேசுவார்கள், குடியாத்தத்திலிருந்து வருகிறவரிடம் உறவு முறை வைத்துப் பேசுவார்கள். அவருக்கு உங்கள் வயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு கமிஷன் என்பது மட்டும் தெரியும். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தவறு என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதியே சொல்கிறது. விதி இருக்கிறது, புரோக்கரும் இருக்கிறார். என்ன செய்வது.

அவர் சொல்லும் "அதே நாளில் ஸ்லீவ்" உங்களுக்கு இரண்டு வகையில் பொருந்தாது. உணவு மேலே திரும்பி வருவதுதான் உங்கள் தொந்தரவே. ஸ்லீவ் என்பது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் மாதிரி ஆக்குவது. அதற்குப் பிறகு புளித்து எதிர்க்களிப்பது பலருக்கு அதிகமாகிறது. உங்களைப் போன்றவருக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டுமென்றால் இரைப்பை பைபாஸைத்தான், அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி நேராகக் குடலோடு இணைப்பதைத்தான், யோசிப்போம். அடுத்தது, பேண்ட் பல வருடம் அழுத்திய இடத்தில் இரைப்பை தடித்து, தழும்பேறி இருக்கும். அங்கேயே அன்றைக்கே ஸ்டேப்ளர் போட்டால் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. எடுத்துவிட்டு மூன்று மாதமாவது ஆறவிட்டு அடுத்ததைச் செய்வதே நல்லது. பேக்கேஜ் விற்பவருக்கு இரண்டு அட்மிஷனை விட ஒன்று லாபம், அவ்வளவுதான்.

"இன்சூரன்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதையும் கொஞ்சம் உடைத்துப் பார்த்துவிடலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது நிபந்தனைப்படி, உடல் பருமன் ஆபரேஷனுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது குறைந்தது 35 இருந்து, கூடவே இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை போன்ற ஒன்று இருக்க வேண்டும். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் பிஎம்ஐ சுமார் 39. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு அவர் எப்படி "பார்த்துக்கொள்வார்"? கட்டுப்பாட்டில் இல்லை என்று காகிதத்தில் எழுதவைப்பார். கம்பெனி பழைய ரிப்போர்ட்டைத் தோண்டி எடுத்து மறுக்கும்போது அவர் போனை எடுக்கமாட்டார்; பில்லில் உங்கள் பெயர்தான் இருக்கும். முன் அனுமதி கடிதம் உங்கள் கைக்கு வராமல் ஒரு ரூபாய் முன்பணம் கட்டாதீர்கள். பணம்தான் தடை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் உடல் பருமன் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள்.

பேண்டின் கம்பெனி, மாடல், கொள்ளளவு ஆகியவை உங்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, அப்போது கொடுத்த சின்ன அட்டையிலோ இருக்கும். 4 மி.லி. கொள்ளும் பேண்ட் உண்டு, 14 மி.லி. கொள்ளும் பேண்டும் உண்டு, இது தெரியாமல் "இரண்டு மி.லி. ஏற்று" என்பது குருட்டு வைத்தியம். தீபாவளிக்கு முன் உங்களுக்கு ஏற்றியவர் இதைக் கேட்டாரா? எவ்வளவு ஏற்றினார் என்று எழுதிக் கொடுத்தாரா? மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மேலே சொன்ன அதே விதியில் இருக்கிறது. ஆனால் ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்றும் அதிலேயே இருக்கிறது! ஓட்டை ஸ்கூட்டருக்குக்கூட ஆர்சி புத்தகம் இல்லாமல் முடியாது; வயிற்றுக்குள் ஆயுசுக்கும் இருக்கப்போகும் பொருளுக்கு மூன்று வருடக் காகிதம். யாரைக் குற்றம் சொல்வது? வீட்டுப் பீரோவைத் தேடுங்கள், சென்னைக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. முழுவதையும் உறிஞ்சி அளந்தால் உள்ளே எவ்வளவு இருந்தது என்பதாவது தெரிந்துவிடும். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

இறக்கிய பிறகு பேரியம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். வெள்ளைத் திரவத்தைக் குடித்து, அது இறங்குவதைத் திரையில் பார்ப்பது. பேண்ட் நழுவியிருக்கிறதா, மேல்பை வீங்கியிருக்கிறதா என்பது அதில் தெரியும். எண்டோஸ்கோபியும் ஒருமுறை செய்துவிடுங்கள். பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே வந்திருந்தால் அதில்தான் தெரியும். போர்ட் இருக்கும் இடம் இத்தனை வருடம் கழித்துச் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அதைத் தோல் கட்டி என்று கீறிவிட அனுமதிக்காதீர்கள். உள்ளே அரித்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்கிய அன்று கஞ்சி, ரசம், மோர், மறுநாள் குழைந்த சாதம், பிறகு வழக்கமானது. இட்லி மெத்தென்று இருப்பதால் சுலபம் என்று நினைக்கிறீர்கள். பேண்ட் இருப்பவர்களுக்கு மெத்தென்ற மாவுப் பண்டம்தான் உருண்டு அடைக்கும். பன், பரோட்டா, அவசரமாக விழுங்கிய இட்லி எல்லாம் ஒரே ஜாதி. முறுகலான தோசை பலருக்கு நன்றாக இறங்குகிறது. ஆம்பூர் பிரியாணி சாப்பிட ஆசையா? கறியை நார் நாராகப் பிய்த்து, கத்தரிக்காய் குழம்பில் தோய்த்து, சுண்டுவிரல் நகம் அளவு வாயில் போட்டு, கூழாகும் வரை மென்று விழுங்குங்கள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ஸ்பூனைக் கீழே வையுங்கள். இருபது நிமிடத்தில் தட்டைத் தள்ளிவிடுங்கள், மிச்சம் இருந்தாலும் சரி. அடைத்தால் தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள், அது மேலே நிறைந்து வாந்தியாகத்தான் வரும். சாப்பாட்டோடும் தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மூட்டு வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், பாரசிட்டமால் போதும். சர்க்கரை மாத்திரையின் அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை; அதை உடைத்தோ பொடித்தோ சாப்பிடாதீர்கள்.

எடுத்தால் எடை ஏறுமா? ஏறும். பேண்டை எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாதவர்களில் பெரும்பாலானோருக்கு ஏறுகிறது. தண்ணீரை இறக்கினாலே இரண்டு மூன்று கிலோ ஏறலாம். அதற்குப் பயந்து மறுபடி இறுக்கச் சொல்லாதீர்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் பேண்ட் காலியாகவே இருக்கட்டும். பிறகு இன்னொரு பேரியம் எக்ஸ்ரே. மேல்பை பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தால் கொஞ்சமாக, அரை மி.லி. என்ற அளவில், ஏற்றிப் பார்க்கலாம். சுருங்கவில்லை, நழுவியிருக்கிறது, அரித்திருக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள். பைபாஸ் பற்றி அப்போது பேசுவோம்.

தண்ணீர் இறக்கும்வரை தலைப்பக்கம் உயர்த்திப் படுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் கெட்டியாக எதுவும் வேண்டாம். போகிற அன்று காலையில் வெறும் திரவம் மட்டும். ஓபி-யில் சீட்டுப் போடும்போது "வயிற்று வலி" என்று சொன்னால் பொது மருத்துவத்துக்கு அனுப்பி அரை நாளைத் தின்றுவிடுவார்கள். "பேண்டில் தண்ணீர் இறக்க வேண்டும்" என்று சொல்லி, இரைப்பை குடல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். ஹ்யூபர் ஊசி ஸ்டாக்கில் இருக்கிறதா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.