சந்திரபாபுவுக்காக அழவேண்டாம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: நாதஸ்வரம் முடிந்ததும் அவர் சிறுவயதில் கேட்ட நகைச்சுவைப் பாட்டுகளைத்தான் போடவேண்டுமாம். இன்றைக்கும் அவர் குளிக்கும்போது பாடுவது ‘குங்குமப்பூவே’தான். ஒரு பட்டியல் போட்டுத் தருவீர்களா?

பாட்டு தேடப்போன இடத்தில் ஜே.பி. சந்திரபாபுவின் வாழ்க்கையைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். அதற்குப் பிறகு ‘நானொரு முட்டாளுங்க’ பாட்டைக் கண்ணீர் இல்லாமல் கேட்க முடியவில்லை. உள்ளே இவ்வளவு சோகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கவைத்தார்? விசேஷ நாளில் இதையெல்லாம் போடுவது சரிதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. குரலை மேலும் கீழும் தாவவிட்டுப் பாடும் அவருடைய யோடலிங் வெள்ளைக்காரர்களிடமிருந்து எடுத்தது என்கிறார்களே, உண்மையா? இன்று ஏன் இப்படிப்பட்ட பாட்டுகள் வருவதில்லை?

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்

*

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 80 வயதில் குளிக்கும்போது பாடுகிற மனிதர் வீட்டில் இருப்பது பெரிய கொடுப்பினை.

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். இன்றும் வருகின்றன. நீங்கள் கேட்பதில்லை, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அறுபது வருஷம் கழித்து அவர்கள் இதே போல யாருக்காவது கடிதம் எழுதுவார்கள். விடுங்கள்.

கண்ணீருக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே என் மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம் இது, அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். சந்திரபாபுவைப் பற்றி இப்போது யார் எழுதினாலும் ஒரே கதைதான். நிலைக்காத திருமணம், எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கி நின்றுபோன ‘மாடி வீட்டு ஏழை’, முடிக்க முடியாத வீடு, குடி, 1974இல் 46 வயதில் மரணம். எதுவும் பொய்யில்லை. ஆனால் அத்தனை பக்கங்களில் அவர் ஒரு பாட்டை எப்படிப் பாடினார் என்று நாலு வரி இருக்கிறதா? தேடிப் பாருங்கள். இருக்காது. ‘சிரிக்கவைத்தவன் உள்ளே அழுதான்’ என்ற ஒரு வாக்கியத்தை எழுதுவதற்காகவே அந்த மனிதரின் வாழ்க்கையை மறுபடி மறுபடி தோண்டி எடுக்கிறார்கள். டி.எம். சௌந்தரராஜனின் பாட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அவர் வீட்டுக் கஷ்டத்திலிருந்தா தொடங்குகிறோம்? குரலிலிருந்து தொடங்குகிறோம். நகைச்சுவைப் பாடகனுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கிடையாது? அவன் அழுதிருந்தால்தான் கலைஞன் என்று ஒப்புக்கொள்வோமா? இது எனக்குப் பெரிய அவமதிப்பாகப் படுகிறது. நீங்களும் அதில் கலந்துகொண்டுவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

‘நானொரு முட்டாளுங்க’ சந்திரபாபு தன் டைரியிலிருந்து கிழித்துக் கொடுத்த பாட்டு இல்லை. 1959இல் வந்த ‘சகோதரி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது, இசை ஆர். சுதர்சனம். முடிந்த படத்தில் ஏதோ குறைகிறது என்று ஏவி. மெய்யப்ப செட்டியார் நினைத்ததால் சந்திரபாபுவின் நகைச்சுவைப் பகுதி பிறகு எடுத்துச் சேர்க்கப்பட்டது. அதற்கு ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பாட்டு. அவர் அதை எவ்வளவு நிதானமாகப் பாடியிருக்கிறார் என்று கேளுங்கள். கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கிறவன் மாதிரி, குரலில் ஒரு குழைவுகூட இல்லாமல், நேராகச் சொல்லிக்கொண்டு போகிறார். ‘இங்கே சிரியுங்கள்’ என்று எந்த இடத்திலும் நம் இடுப்பைக் கிள்ளுவதில்லை. அதனால்தான் சிரிப்பு வருகிறது. அந்தக் கட்டுப்பாடு சோகத்திலிருந்து வந்தது இல்லை, பயிற்சியிலிருந்து வந்தது. உங்கள் கண்ணீர் அந்தப் பயிற்சியை மறைத்துவிடுகிறது, தம்பி.

யோடலிங்? ஆமாம், எடுத்ததுதான். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து மக்களுடையது. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் அதை இசைத்தட்டில் கொண்டுவந்து புகழ் பெற்றார். இந்தியில் கிஷோர் குமார், தமிழில் சந்திரபாபு. அதனால் என்ன? வயலினும் ஹார்மோனியமும் எங்கிருந்து வந்தன? எடுத்தவர் என்ன செய்தார் என்றுதான் பார்க்கவேண்டும். நம் சங்கீதத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைத்துக்கொண்டு போகவேண்டும், நடுவில் குரல் உடைந்தால் பிழை. யோடலிங்கில் அந்த உடைப்புதான் அழகு. நெஞ்சிலிருந்து எழும் குரல் சட்டென்று தலைக்குரலுக்குத் தாவும், மறுபடி கீழே வரும். எம்.கே. தியாகராஜ பாகவதரைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு முன்னால், தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர் வந்து வேண்டுமென்றே குரலை உடைத்துக் காட்டுகிறார். உடைகிற இடத்தில் சுருதி மட்டும் விலகுவதில்லை. 1954இல் வந்த ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தர், ஆமாம், வீணை பாலசந்தரேதான், திரையில் வாயசைக்க, ‘கல்யாணம்’ என்று தொடங்கும் பாட்டைப் பின்னாலிருந்து பாடியவர் சந்திரபாபு. கேலிக்குரல் என்று ஒதுக்கக்கூடிய குரலாக இருந்தால் சங்கீதம் தெரிந்த ஒரு நடிகருக்கு அதைக் கொடுத்திருப்பார்களா?

கலைவாணருக்கும் இதே அநியாயம்தான் நடக்கிறது. என்.எஸ். கிருஷ்ணன் என்றாலே லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, 1944இல் கைது, 1947இல் விடுதலை, கடைசிக்காலத்தில் கையில் காசில்லாதது. சரி. 1949இல் ‘நல்லதம்பி’யில் பாட்டும் கதையுமாக அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தை யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். உடுமலை நாராயணகவியின் கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான், ரயில் ஏறுகிறான். கோயில் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்துவிட்டார்கள்! அதை ஒரு முழுப் பாகவதராகவே நின்று, காலட்சேபத்தின் இலக்கணம் கெடாமல் பாடுகிறார் கலைவாணர். பாகவதர்களைக் கேலி செய்ய வேண்டுமானால் முதலில் பாகவதர் அளவுக்குப் பாடத் தெரிந்திருக்கவேண்டும்.

அப்புறம் அந்தச் சிரிப்புப் பாட்டு. 1956, ‘ராஜா ராணி’. இதை நீட்டித்தான் சொல்லப்போகிறேன். பாடுவது என்பது மூச்சைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. சிரிப்பது என்பது அதே மூச்சை வெட்டி வெட்டி வெளியே எறிவது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. சந்தேகமிருந்தால் இப்போதே கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு வரியைச் சிரித்துக்கொண்டே பாடிப் பாருங்கள். சுருதி கீழே இறங்கும், தாளம் தப்பும், அடுத்த வரியைத் தொடங்க மூச்சு இருக்காது. கலைவாணர் அந்தப் பாட்டில் சிரிப்பின் பெருமையைப் பாடிக்கொண்டே விதவிதமாகச் சிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு ஆள் தெரிகிறார். சிரித்து முடித்துப் பாட்டுக்குத் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள்: பதறாமல், எங்கே விட்டாரோ அங்கேயே எடுக்கிறார். அந்த எடுப்புக்குத்தான் நான் எழுந்து நின்று கும்பிடுவேன். ஒரு கச்சேரியில் வித்வான் கணக்காகச் சுரம் பாடி இடத்துக்கு வந்து சேர்ந்தால் சபை கைதட்டுகிறது. இவர் சிரிப்பைச் சுழற்றி இடத்துக்கு வந்து சேர்கிறார், ‘நல்ல தமாஷ்’ என்று சொல்லிவிட்டு நாம் காபி குடிக்கப் போய்விடுகிறோம்.

திருச்சி லோகநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மந்திரி குமாரி’யில் (1950) ‘வாராய் நீ வாராய்’ என்று மலையுச்சிக்கு அழைத்துக்கொண்டு போன குரல் அது. அதே குரல் ‘மாயா பஜார்’ (1957) படத்தில் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனுக்காகக் ‘கல்யாண சமையல் சாதம்’ பாடியது. அதிலும் சிரிப்பு உண்டு, அந்தச் சிரிப்பும் தாளத்தில்தான் விழுகிறது. ஏ.எல். ராகவன் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பாடினார். ‘இப்படிப்பட்ட குரலை நகைச்சுவைப் பாட்டுக்கே பயன்படுத்திவிட்டார்களே’ என்று பலர் உச்சுக்கொட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த உச்சு பிடிக்காது. ‘வேட்டைக்காரன்’ படத்துச் ‘சீட்டுக்கட்டு ராஜா’வில் எல்.ஆர். ஈஸ்வரிக்கு ஈடுகொடுத்து அந்த வேகத்தில் பாடுவது எளிதா? உருக்கமான பாட்டில் குரல் கொஞ்சம் தடுமாறினாலும் ‘உணர்ச்சி’ என்று கேட்பவர் மன்னித்துவிடுவார். நகைச்சுவைப் பாட்டில் அரைத் தாளம் பிந்தினால் சிரிப்பு செத்துவிடும். மன்னிப்பே கிடையாது.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்தது இல்லை. என் பெரியப்பா விருத்தாசலம் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் கல்யாணங்களுக்கு அவரோடு போவேன். ரெக்கார்டைத் துணியால் துடைத்துக் கொடுப்பதும், ஊசி மழுங்கினால் மாற்றுவதும் என் வேலை. ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும், அதனால் நகரவே முடியாது. அவரிடம் ஒரு முறை இருந்தது. தாலி கட்டும்வரை பக்திப் பாட்டும் கல்யாணப் பாட்டும். பந்தி தொடங்கியதும் சந்திரபாபு, கலைவாணர், எஸ்.சி. கிருஷ்ணன். பரிமாறுகிற ஆட்கள் அந்தப் பாட்டுகளின் வேகத்துக்குத்தான் நடப்பார்கள். சாம்பார் வாளியோடு போகிறவர் தலையை ஆட்டிக்கொண்டே ஊற்றுவார். எந்தப் பாட்டு அதிகம் ஓடியது என்று கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டாம். ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் போதும். பக்திப் பாட்டு ரெக்கார்டுகள் கறுப்பாக மினுங்கும். நகைச்சுவை ரெக்கார்டுகளில் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும், பாட்டுக்கு முன்னால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலக் கொஞ்சநேரம் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலைக் கேட்டதுமே பந்தியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் யாரை உட்காரவைப்பது என்று சம்பந்திகளுக்குள் சண்டை. குரல் உயர்ந்து, பெஞ்சு தள்ளப்பட்டு, மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தச் சிரிப்புப் பாட்டைப் போட்டார். குழாய் வழியாகக் கலைவாணரின் சிரிப்பு பந்தலெங்கும் பரவியது. தாய்மாமன் நேராக மைக் செட் பெட்டிக்கு வந்து, ‘யாரைப் பார்த்து இது?’ என்று கேட்டார். அடிப்பார் என்று நினைத்து நான் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டேன். பெரியப்பா, ‘கலைவாணர் சிரிக்கிறாருங்க, நானா சிரிக்கிறேன்’ என்றார் அமைதியாக. அவர் நின்றார். பாட்டு முடிவதற்குள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரெக்கார்டு முடிந்ததும், ‘இன்னொரு தடவை போடுப்பா’ என்றார். நான் ஊசியை மாற்றினேன். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கலைவாணர் சிறையில் எத்தனை நாள் இருந்தார் என்பது நினைவுக்கு வந்திருக்காது. வரவேண்டிய அவசியமும் இல்லை. பாட்டு தன் வேலையைச் செய்தது.

சரி, உங்கள் பட்டியல். அப்பா பாடுகிற ‘குங்குமப்பூவே’ ‘மரகதம்’ (1959) படத்தில் ஜமுனா ராணியோடு பாடியது, அதிலிருந்தே தொடங்குங்கள். ‘மணமகன் தேவை’யின் ‘பம்பரக் கண்ணாலே’, ‘புதையல்’ படத்தில் பட்டுக்கோட்டையார் எழுதிய ‘உனக்காக எல்லாம் உனக்காக’, இரண்டும் 1957. ‘வண்ணக்கிளி’யில் எஸ்.சி. கிருஷ்ணனும் பி. சுசீலாவும் பாடிய ‘சித்தாடை கட்டிக்கிட்டு’ பந்தி நடுவில் வரட்டும். உங்கள் அப்பா மாதச்சம்பளக்காரராக இருந்தவர் என்றால் ‘முதல் தேதி’யில் (1955) கலைவாணர் பாடும் ‘ஒண்ணிலிருந்து இருபது வரைக்கும் கொண்டாட்டம்’, அதை ஒட்டியே ‘பாமா விஜய’த்தின் ‘வரவு எட்டணா’. கடோத்கஜன் பாட்டை இலை போடும்போது போடுங்கள், பிந்திப் போட்டால் வீண். ‘பெண்’ படத்துக் ‘கல்யாண’த்தை அப்பா அம்மா மாலை மாற்றும்போது. ‘நானொரு முட்டாளுங்க’ கட்டாயம் வேண்டும், பயப்படாமல் போடுங்கள்.

ரீமிக்ஸ் எதுவும் வேண்டாம், பழைய பதிவே போதும். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். யாராவது மைக்கைப் பிடித்து ‘இந்தப் பாட்டைப் பாடியவரின் வாழ்க்கையில் எவ்வளவு சோகம் தெரியுமா’ என்று ஆரம்பித்தால் மைக்கை வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பாடட்டும்.

அன்புடன்.