அக்கா ஒன்றும் சொல்லவில்லை

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 61. சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. டிவி சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது என்கிறாள் மனைவி. பேரன் பேசுவது சுத்தமாகப் புரிவதில்லை. கிளினிக்கில் டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்ததால் தலையாட்டிவிட்டு வந்தேன். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட்டு நாலாம் நாள் மயங்கி விழுந்ததும் மகள்தான் கண்டுபிடித்தாள். காதுக் கருவி வாங்கினேன். ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு அக்கா உண்டு. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சின்ன வயதிலேயே பினாங்குப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தது. கல்யாணம் ஆகவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து, இப்போது பட்டர்வொர்த்தில் காது கேளாத ஒரு சீனப் பெண்ணோடு இருக்கிறது. போனில் பேச முடியாததால் தொடர்பு அப்படியே விட்டுப்போய்விட்டது. 2006-க்குப் பிறகு நேரில் பார்க்கவில்லை. மகள் மட்டும் முகநூலில் பார்ப்பாள். சண்டை என்று எதுவும் இல்லை. அப்பா போன பிறகு அவர் வீட்டை என் பெயருக்கு மாற்றியபோதுகூட நில அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே இந்த நிலை வந்த பிறகுதான் அதன் கஷ்டம் புரிகிறது. இனி நாங்கள் இருவரும் ஒன்றுதான். போய்ப் பார்த்து, கைபாஷை கற்றுக்கொடுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

தம்பி, நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் போதாது என்று நான்தான் சுருக்கினேன். ஒரு வரியை மட்டும் எழுத்து மாறாமல் போட்டிருக்கிறேன். "அக்கா ஒன்றும் சொல்லவில்லை."

எந்த மொழியில் சொல்லியிருக்க வேண்டும்?

பல வருஷமாக இந்தப் பகுதியை எழுதுகிறேன். உறவு விட்டுப்போய்விட்டது என்று வருகிற கடிதங்களில் நடுவே எங்காவது ஒரு வீடோ, நகையோ, சேமநிதிப் பணமோ உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் போகிறவர் வழியில் பார்த்த மரத்தைச் சொல்வதுபோல எழுதுகிறவர் அதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தில் அம்மா இறந்தது 2005 என்று இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், அம்மாவின் வருஷத் திவசம் முடிந்த கையோடு வீட்டை மாற்றினோம் என்று இருக்கிறது. அக்காவைக் கடைசியாகப் பார்த்தது 2006. நான் கூட்டிப் பார்த்தேன். நில அலுவலகத்து வாசலில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்திருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருமுறைகூட இதைக் கூட்டிப் பார்க்கவில்லையா? போனில் பேச முடியாததால் தொடர்பு விட்டுப்போனதாம். உங்கள் மகளுக்கு மட்டும் எப்படி விடாமல் இருக்கிறது?

அந்த அறைக்கு ஒரு நிமிஷம் திரும்பிப் போங்கள். அதிகாரி கோப்பைப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்கிறார், உன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று. குனிந்த முகத்தில் உதட்டைப் படிக்க முடியாது. அக்கா யார் முகத்தைப் பார்த்திருப்பார்? உங்கள் முகத்தைத்தான். நீங்கள் தலையை அசைத்திருப்பீர்கள், அவரும் அசைத்திருப்பார். கைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று அன்றைக்கு யாராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். பசியாற எங்கே போனோம் என்பதுவரை எழுதியிருக்கிற மனிதர் நீங்கள்.

தலையாட்டல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக்கில் தலையாட்டினீர்களே, புரிந்தா ஆட்டினீர்கள்? பின்னால் வரிசை நிற்கிறது, இன்னொரு தடவை கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்கள், சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று ஆட்டினீர்கள். அந்த ஆட்டலை நம்பி டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். உங்கள் அக்காவின் ஆட்டலை நம்பி அதிகாரி அடுத்த கோப்பை எடுத்தார். உங்களுக்கு நாலு நாளில் மயக்கம் தெளிந்துவிட்டது. அவருக்குப் பாதி வீடு போய்விட்டது.

"அக்காவுக்கு எல்லாம் புரிந்துதான் கையெழுத்துப் போட்டது" என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், தெரியும். இருக்கலாம். அவர் படித்தவர்தானே. அந்தக் காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அனுப்பினார்கள் என்றால் பெரும்பாலும் தஞ்சோங் பூங்காவில் இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்குத்தான். 1954-இல் தொடங்கிய பள்ளி அது. ஆரம்பத்தில் வகுப்பில் உதட்டைப் பார்த்து வாயால் பேசத்தான் பழக்கினார்கள், கைக்கு அங்கே இடமில்லை. பிள்ளைகள் விட்டார்களா? வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கையாலேயே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்குக் கைமொழி என்று இன்றைக்கும் அதற்குப் பெயர் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு மொழியையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதே பிள்ளை லீவுக்கு லயத்துக்கு வந்தால் அவரோடு பேச ஓர் ஆள் இல்லை. சோறு, தண்ணீர், தூக்கம், வா, போ. இவற்றுக்கு மேல் உங்கள் வீட்டில் எத்தனை சைகை இருந்தது, எண்ணிச் சொல்லுங்கள்.

ஆக, தாளில் இருந்ததை அவர் படித்துப் புரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டிருந்தால், உங்களுக்கு அது இன்னும் மோசம். புரிந்துகொண்ட ஒருத்தி, வாதாட வழியில்லாமல், தம்பிதானே என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. இதைத்தான் நீங்கள் சண்டை இல்லை என்கிறீர்கள். சண்டை போட அவருக்கு உங்கள் வீட்டில் ஒரு மொழி கிடையாது, அவ்வளவுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். தாயும் தகப்பனும் போன பிறகு பிள்ளைகளுக்குச் சமபங்கு. மகன், மகள் என்றோ கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்றோ அதில் பிரிவினை இல்லை. உங்கள் அப்பா உயில் எழுதவில்லை, பிள்ளைகள் நீங்கள் இருவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி அவருடையது. விட்டுக்கொடுத்த கையெழுத்து சட்டத்தில் செல்லுபடியாகலாம். அதை வக்கீல் சொல்லட்டும். நான் வக்கீல் இல்லை, இது கோர்ட்டும் இல்லை. என் கணக்கு வேறு. கல்யாணமான பெண்ணுக்குத் தீபாவளிக்குச் சீர் கொடுத்துப் பிறந்த வீட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லிக்கொள்கிறோம். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தச் சீரும் இல்லை. அவளுக்கு இருந்ததே பிறந்த வீடு ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டு ஒரு வாழ்த்து அட்டைகூடப் போடாத தம்பியை எந்த ஊர்ப் பெரியவர் முன்னால் நிறுத்தினாலும் வாழ்த்த மாட்டார்.

இன்னொன்று கண்ணை உறுத்துகிறது. "படித்தது", "இருக்கிறது", "போனது". என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, நீங்கள் நீங்கள் என்று எழுதுகிறீர்கள். சொந்த அக்கா "அது" ஆகிவிட்டார். பாசத்தில் அப்படிச் சொல்வது நம் பழக்கம் என்பீர்கள். பூனைக்குட்டியையும் நாம் பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறோம்.

இனி நீங்கள் இருவரும் ஒன்று என்கிற பேச்சை அவரிடம் எடுக்கவே எடுக்காதீர்கள். நீங்கள் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறீர்கள், அதற்குத் துக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு. அவர் இழந்தவர் இல்லை. அவருக்கு மொழி இருக்கிறது, சம்பாதித்த வாழ்க்கை இருக்கிறது, உதட்டசைவுக்காக ஏங்க வைக்காத ஒரு தோழி இருக்கிறார். சீனப் பெண் என்று எழுதினீர்களே, அவர்களுக்கிடையே நமக்கிருக்கிற அந்தத் தடுப்பு இல்லை, கவனித்தீர்களா? மலேசியச் சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. நீங்கள் அதைக் "கைபாஷை" என்று ஏதோ விளையாட்டு போலச் சொல்லி, இலவச டியூஷன் கேட்டுப் போகப் பார்க்கிறீர்கள். அறுபது வருஷம் அவர் பேசக் காத்திருந்தபோது கற்றுக்கொள்ளாதவர், தனக்குத் தேவை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

உங்கள் காதுக்கு வருகிறேன். ஆலையின் பாய்லர், பழம் பிழிகிற இயந்திரம், கொட்டை உடைக்கிற இயந்திரம் இவற்றுக்கு நடுவில் முப்பத்தொரு வருஷம் என்றால் ஆச்சரியமில்லை. உட்காதில் நுண்ணிய மயிர் போன்ற செல்கள் இருக்கின்றன. இரைச்சலில் அவை செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது உச்சத் தொனி, 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால்தான் உங்களுக்குச் சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. உயிரெழுத்து வந்து சேரும், க, ச, த, ப எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். கடை, சடை, தடை, படை நான்கும் ஒரே "அடை"யாக விழும். பேரனுடைய கீச்சுக் குரல் முதலில் போவதும் இதனால்தான். டிவியை ஏற்றி வைத்தால் "அடை"தான் பெரிதாகக் கேட்கும்.

1989-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை இரைச்சல் விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு இரைச்சல் வரம்பு 90 டெசிபல். 2019-இல் அதை 85 ஆக்கினார்கள். இரைச்சலால் வருகிற கேள்திறன் இழப்பு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் காதைச் சோதித்து அந்த வரைபடத்தை வாங்கிக்கொண்டு, ஆலையில் எப்போதாவது காதுச் சோதனை எடுத்திருந்தால் அந்தத் தாள்களையும் கேட்டு வாங்கி, சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பதை அவர்கள் சொல்லட்டும். கருவியை அலமாரியிலிருந்து எடுங்கள். கண்ணாடி மாட்டியதும் தெரிவதுபோல் அது உடனே வேலை செய்யாது. வருஷக் கணக்கில் கேட்காத மின்விசிறிச் சத்தத்தையும் தட்டுச் சத்தத்தையும் மூளை மறுபடி பழக வேண்டும், அதற்குப் பல வாரம் ஆகும். அதுவரை வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ளுங்கள், அளவைச் சரிசெய்ய வாங்கிய இடத்துக்குத் திரும்பப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது எது என்று மேலே எழுதிவிட்டேன்.

இப்போது பட்டர்வொர்த். திடீரென்று போய்க் கதவைத் தட்டாதீர்கள், தட்டினால் கேட்காது என்பதற்காகச் சொல்லவில்லை. வரலாமா என்று முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் போகக் கூடாது, ஆனால் பங்குப் பேச்சு அப்போதும் நிற்கக் கூடாது. வரச் சொன்னால், வீட்டு விஷயம் பேசும்போது கைமொழி பெயர்ப்பாளர் இருக்க வேண்டும். பினாங்கில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறது, அவர்களிடம் விசாரியுங்கள். செலவு உங்களுடையது. உங்கள் மகளை வைத்துப் பேசாதீர்கள், அவள் உங்கள் மகள். புடவை, பலகாரம் எல்லாம் அப்புறம். முதல் தடவை வீட்டு கிராண்ட், அதாவது உரிமைப் பத்திர நகலைக் கொண்டு போங்கள். பாதியை எழுதிக் கொடுப்பதா, இன்றைய விலையில் பாதிப் பணமா என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் மனைவி இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அவரை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

சைகை கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இணையத்தில் எத்தனையோ காணொளி இருக்கிறது. குறைந்தது ஐம்பது சைகையாவது தெரிந்துகொண்டு அவர் முன்னால் உட்காருங்கள், தப்பாகச் செய்தால் திருத்துவார். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள், உங்களுக்கும் அதுதான் வசதி.

எப்படித் தொடங்குவது என்றுதானே கேட்டீர்கள். மகளிடமிருந்து எண்ணை வாங்கி இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். தமிழில் வேண்டாம், பினாங்குப் பள்ளியில் அவருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கவில்லை. மலாயில் எழுதுங்கள். சுகமா, சாப்பிட்டாயா எல்லாம் இரண்டாவது செய்தியில் வரட்டும். முதல் செய்தி இப்படி இருக்கட்டும்: "காக், ரூமா அப்பா செபாரோ காக் பூஞா. போலே சாயா டாத்தாங்?" அக்கா, அப்பா வீட்டில் பாதி உன்னுடையது, நான் வரலாமா. அனுப்பிவிட்டு, எத்தனை நாள் ஆனாலும் பதில் வரும்வரை காத்திருங்கள்.